ஞாயிறு சாயங்காலத்துக்குள் வைஃபை

மரகதம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஒரு தேர்வு எழுதியாக வேண்டும். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கான தேர்வு. காதில் கேட்பதைத் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பு திருப்பத்தூரில் தட்டச்சு லோயர் முடித்தவள் அவள். அந்தச் சான்றிதழ் இத்தனை வருடமாகப் பீரோவில் சும்மா கிடந்தது.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் அவள் சட்டைக் காலர் தைக்கிற கார்மெண்ட்ஸ் அடுத்த மாதம் ராமநகரம் பக்கம் போகிறது. வேலை வேண்டுமென்றால் இருட்டோடு எழுந்து கம்பெனி வேனில் ஏறி, இருட்டிய பிறகு இறங்க வேண்டும். குனிந்து தைத்துத் தைத்து ஏற்கெனவே கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டு இடது கை மரத்துப் போகிறது. வேன் குலுக்கலும் சேர்ந்தால் கை மொத்தமாகப் போய்விடும். இது அவளுக்கும் தெரியும், புருஷன் கணேசமூர்த்திக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொள்வதில்லை.

கணேசமூர்த்தி அடுகோடியில், வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு லேத் பட்டறையில் டர்னர். தேர்வுக்கென்று எஸ்.பி. ரோடு பழைய சாமான் கடையொன்றில் ஒரு லேப்டாப் வாங்கி வந்தான். அம்மிக்கல் கனம். ஆன் செய்துவிட்டு உலை வைத்தால் சோறு வெந்துவிடும், திரை வராது. பக்கத்து அறையில் குடியிருக்கும் சங்கமித்ரா வந்து பார்த்தாள். தர்மபுரிப் பெண், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவளுடைய லேப்டாப் ஆபீஸ் கொடுத்தது, அதில் வெளி வேலை எதுவும் திறக்காது.

"அக்கா, இதுல விண்டோஸ் இனிமே இழுக்காது. லினக்ஸ் போட்டுடலாம். லேசா ஓடும், ஓசி."

"ஓசின்னா ஏதாவது வில்லங்கம் இருக்கும்" என்றான் கணேசமூர்த்தி.

"நீங்க ஓசியில வாங்குற பீடியில வில்லங்கம் இல்லையாண்ணா?"

சனிக்கிழமை சாயங்காலம் பென்டிரைவைச் சொருகி லினக்ஸ் போட்டார்கள். பழைய விண்டோஸை அழித்து, புதியது ஏறி முடிந்தது. ஞாயிறு காலை ஆன் செய்தால் திரை கருப்பு. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

"செத்துடுச்சு" என்றான் கணேசமூர்த்தி.

"வாயக் கழுவு" என்றாள் மரகதம்.

சங்கமித்ரா போனில் தேடினாள். பழைய லேப்டாப்களில் இது சகஜம். ஆரம்பிக்கும்போதே ஒரு கட்டளை வரியின் கடைசியில் ஒரு வார்த்தையைச் சேர்க்க வேண்டும் என்று எவனோ எழுதியிருந்தான். சேர்த்தாள். திரை வந்தது. அடுத்த முறையும் வரும்படி அதை அங்கேயே நிரந்தரமாக எழுதியும் வைத்தாள்.

"கெபாசிட்டர் போன மோட்டாரைக் கையால ஒரு சுத்து சுத்தி விடுவோம். அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதாண்ணா."

கணேசமூர்த்திக்கு லினக்ஸ் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அந்த மரியாதை கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை. வைஃபை வரவில்லை.

வைஃபை மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் வைத்தீஸ்வரனுடையது. சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குடித்தனக்காரர்களும் சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார். இவர்கள் போனில் அது ஒழுங்காக வந்தது. லேப்டாப்பில் ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. கணேசமூர்த்தி மாடிக்கு ஓடி அந்தப் பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டான்.

"ஏன்ப்பா, நிம்மதியா ஒரு பாட்டுக் கச்சேரி பாக்க விடமாட்டியா? ஏன் சமாச்சாரா, என்னதான் விஷயம்?" என்றார் வைத்தீஸ்வரன்.

"சாரி சார், இன்னும் ஒரே தடவை."

"இதையேதான் போன தடவையும் சொன்னே."

கீழே சங்கமித்ரா தீர்ப்பு சொல்லிவிட்டாள். டிரைவர் இல்லை, அதாவது வைஃபையை இயக்குகிற மென்பொருள். இந்த லேப்டாப்பில் இருக்கிற வைஃபை சில்லுக்கு லினக்ஸில் தனியாக டிரைவர் ஏற்ற வேண்டும். எல்லோரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் டிரைவரை இறக்கவும் இணையம் வேண்டும். போனை வயரில் மாட்டி இறக்கலாமென்றால் அறைக்குள் மாடி வைஃபை வருகிறதே தவிர, போன் வழியாக லேப்டாப்புக்கு அது சரியாகப் போகவில்லை; போன் கம்பெனி சிக்னலோ வாசலுக்குப் போனால்தான் வரும். பட்டறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்து வாசற்படியில் லேப்டாப்பை வைத்தார்கள்.

வாசலில்தான் பொதுக் குழாய். தண்ணீர் வந்திருந்தது. குடங்களோடு நின்ற பெண்கள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா மரகதம், படம் போடறியா?" என்றாள் எதிர்வீட்டு பாகீரதி.

"ஆமா, டிக்கெட் எடுத்துட்டு உக்காரு."

இங்கே உட்கார்ந்தே தேர்வை எழுதிவிட முடியாது. கேமராவில் வேறு ஆள் தெரியக் கூடாது, பேச்சுச் சத்தம் கேட்கக் கூடாது என்று விதிமுறையில் போட்டிருந்தார்கள். அடுகோடிக் குழாயடியில் பேச்சுச் சத்தம் நிற்கிற நேரம் என்று ஒன்று கிடையாது.

டிரைவர் இறங்கியது. ஏற்றினார்கள். லேப்டாப்பை உள்ளே கொண்டுபோய் அணைத்துப் போட்டார்கள். வைஃபை வரவில்லை. வேறொரு டிரைவர். மறுபடியும் வாசல், மறுபடியும் உள்ளே. வரவில்லை. மத்தியானம் ஆகிவிட்டது. அடுப்பில் யாரும் எதையும் வைக்கவில்லை.

"பேசாம பழைய விண்டோஸையே திருப்பிப் போட்டுடும்மா."

"அது அழிஞ்சிடுச்சுண்ணா."

"நீ கம்ப்யூட்டர் கம்பெனியிலதானே இருக்கே?"

"நான் டெஸ்டிங்ணா! தப்பு இருக்குன்னு சொல்றதோட என் வேலை முடிஞ்சிடும். சரி பண்றது வேற டீம்." சங்கமித்ராவுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

மரகதம் சுவரில் சாய்ந்து இடது கையை நீவிக்கொண்டிருந்தாள். வேன் கண்ணில் வந்து நின்றது. தையல் லைனில் மெஷின் நின்றால் மெக்கானிக் வந்ததும் எதையும் கழற்ற மாட்டான். நிற்பதற்கு முன்னால் என்ன சத்தம் போட்டது என்று முதலில் கேட்பான். இங்கே காலையிலிருந்து ஊரில் எவனெவனோ எழுதியதையெல்லாம் படித்தாகிவிட்டது.

"ஏன் சங்கு, ஊர்ல இருக்கறவன் சொல்றது இருக்கட்டும். இந்தப் பொட்டி என்ன சொல்லுது? அதைக் கேட்டியா?"

சங்கமித்ரா அவளைப் பார்த்தாள். பிறகு திரையில் கருப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து ஏதோ கட்டளை தட்டினாள். இரண்டு வரி வந்தது.

"அக்கா... சாஃப்ட்வேர்ல தடை ஒண்ணும் இல்லயாம். ஹார்டுவேர்ல தடைன்னு சொல்லுது."

"அப்படின்னா?"

"கையால யாரோ வைஃபைய அணைச்சு வச்சிருக்காங்க. இதுல எங்கயோ ஒரு சுவிட்ச் இருக்கு."

லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எந்தச் சுவிட்சும் இல்லை. சங்கமித்ரா அதே மாடலின் படத்தைப் போனில் எடுத்தாள். முன்பக்க விளிம்பில், வலது ஓரம், நகத்தால் தள்ளுகிற மாதிரி ஒரு பொடி சுவிட்ச். இவர்கள் லேப்டாப்பில் அதே இடத்தில் கட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம். காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது.

இரண்டு பேரும் கணேசமூர்த்தியைப் பார்த்தார்கள்.

லேப்டாப் வாங்கிய மறுநாள் ஆயுத பூஜை. பட்டறையில் லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் அவன்தான் பொட்டு வைப்பான். மெயின் சுவிட்சில் ஒன்று, ஸ்டார்ட் பட்டனில் ஒன்று, லீவரில் ஒன்று. மிச்சச் சந்தனத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து லேப்டாப்புக்கும் வைத்தான். அதோடு மூடி வைத்ததுதான். லினக்ஸ் போடும்வரை யாரும் அதில் வைஃபையைத் தேடவில்லை.

"கை படுற எடத்துலதான் பொட்டு வைக்கணும். அதுதான் மொறை" என்றான் அவன்.

"நீ வைக்கலய்யா, அமுக்கி அப்பியிருக்கே" என்றாள் மரகதம். இரும்பைப் பிடித்துப் பழகிய கட்டைவிரல். பொட்டு வைத்த வேகத்தில் சுவிட்சையும் தள்ளிவிட்டிருக்கிறது.

சங்கமித்ரா ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கணேசமூர்த்தி சட்டென்று அவள் கையைத் தடுத்தான்.

"சுரண்டாத. பூசைப் பொட்டு தானா உதிரணும். போன வருஷம் எங்க பட்டறை ஜெயராஜ் அண்ணன் லேத்துல சுத்துற சக்குல வச்ச பொட்டைத் தொடைச்சாரு. அந்த வாரமே விரல் நுனி போச்சு."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜெயராஜைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடியவன் அவன். சட்டையில் ஒட்டிய ரத்தம் துவைத்தும் போகவில்லை. சங்கமித்ரா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஜெயராஜ் அண்ணனுக்கு விரல் போனது சக்கு சுத்தும்போதே அளவு பாத்ததால" என்றாள் மரகதம். "நீதான் வந்து சொன்னே. சீக்கிரம் முடின்னு ஓனர் கத்துனான், மெஷினை நிறுத்தாமலே கைய விட்டாருன்னு. இப்ப பழியப் பொட்டு மேல போடுறியா?"

அவன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இதுக்கு எதுக்குப் பொட்டு வச்சே?"

"உனக்கு வேலை கெடைக்கணும்னு."

"அப்ப வேலை குடுக்க வந்த சாமிய ஏன்யா கதவைச் சாத்தி வெளியவே நிக்க வச்சிருக்கே?"

கணேசமூர்த்தி எழுந்துபோய் கை கழுவிக்கொண்டு வந்தான்.

"நானே எடுக்குறேன். யாரும் தொடாதீங்க."

துணியை நனைத்து ஒத்தி ஒத்திச் சந்தனத்தை ஊறவைத்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவிடவில்லை. இளகியதும் துடைத்தான். இடுக்கில் இருந்ததை மரகதத்தின் தையல் ஊசியால் கிளறி எடுத்தான். பேரிங் கழுவுகிற பொறுமை. துடைத்ததைக் காலில் படாமல் துளசித் தொட்டியில் போட்டான். சுவிட்ச் வெளியே தெரிந்தது. நகத்தால் தள்ளினான். சின்னதாக நீல விளக்கு எரிந்தது.

திரையில் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. தெருவில் இருக்கிற எல்லார் வைஃபையும் வந்தது. சங்கமித்ரா கத்தினாள். மாடியிலிருந்து குரல் வந்தது.

"கணேசமூர்த்தி, மறுபடி ஆஃப் பண்ணட்டுமாப்பா?"

"பேடா சார், ஆயித்து! வேண்டாம், வந்துடுச்சு. நீங்க கச்சேரி பாருங்க!"

தேர்வுக்கு மரகதம் கதவைச் சாத்திக்கொண்டாள். கணேசமூர்த்தி வெளியே குழாயை மறித்து உட்கார்ந்தான். குடம் வைக்க வந்தவர்களிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். ஊரே அவனைத் திட்டியது, ஆனால் மெதுவாகத் திட்டியது.

உள்ளே லேப்டாப் விசிறி ஓவர்லாக் தையல் மெஷின் மாதிரி இரைந்தது. ஹெட்போனில் ஒரு ஆள் கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தான். பாதித் தமிழ், பாதி கன்னடம், நடுவில் "பேஜாரு", "சும்னே", "க்யா சார்". தையல் லைனில் தினமும் கேட்கிற பேச்சு. அவள் ஒரு வார்த்தை விடவில்லை. பழைய டைப்ரைட்டரில் பழகிய விரல்கள் சாவிகளை ஓங்கி ஓங்கி அடித்தன. இடது கை இடையில் மரத்தது. உதறிவிட்டு அடித்தாள். கடைசியில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு எழுத்து வந்தது. ஒரு தடவை படித்தாள். நம்பாமல் இன்னொரு தடவை படித்தாள்.

கதவைத் திறந்தாள்.

"எடுத்துக்கிட்டாங்க. நாளைக்கே டிரெய்னிங்காம்."

சங்கமித்ரா விசில் அடித்தாள். கணேசமூர்த்தி சட்டையை மாட்டிக்கொண்டு பிரியாணி வாங்கப் போனான். தெருமுனைவரை அவன் தனியாகச் சிரித்துக்கொண்டு போனது தெரிந்தது.

மரகதம் வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பசி இப்போதுதான் தெரிந்தது. பாகீரதி குழாயடியில் குடத்தை ணங்கென்று வைத்தாள்.

"இன்னாடி, வேலை கெடைச்சுதா?"

"கெடைச்சுது. நாளையிலருந்து வீட்லதான் இருப்பேன். நீங்க எல்லாம் கொஞ்சம் மெதுவா சண்டை போடணும்."

"நாங்க ஏன் மெதுவா போடணும்? நீ அதையும் டைப் பண்ணு, சேத்து சம்பளம் கேளு."