ஆறிப்போன பவர் சப்ளை

நாற்பத்து மூன்று மணி நேரம் எங்கள் பஞ்சு மில்லின் கம்ப்யூட்டர் பெட்டிகள் மூன்றும் அணைந்து கிடந்தன. ஆயுத பூஜை, விஜயதசமி இரண்டும் கழிந்து திங்கட்கிழமை காலை அறையைத் திறந்தபோது ரேக்கில் ஒரு விளக்கும் எரியவில்லை. சுவிட்சைப் போட்டுப் பார்த்தோம். மூன்று பெட்டிகளில் ஒன்றுகூட எழவில்லை.

மேனேஜர் வைகுண்டராஜ் சார் வாசலிலேயே நின்றார்.

"யாரு அணைச்சது? அணைக்கக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கே!"

எழுதி ஒட்டியது அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் நான். பெட்டிகளுக்குள் இருந்த பவர் சப்ளைகள் பழசாகிவிட்டன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சர்வீசுக்கு வரும் வேதமணி போன மாதமே சொல்லியிருந்தார்: "ஓடுற வரைக்கும் ஓடும். அணைச்சு சூடு ஆறிட்டா எந்திரிக்காது. பூஜைக்குப் பொறவு புதுசு மாத்திருவோம், அதுவரைக்கும் அணைச்சிராதீங்க."

சனிக்கிழமை பூஜையன்று மில் முழுக்க நின்றிருந்தது. கூட்டிப் பெருக்கும் மாடத்தியக்கா எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் கடைசியாக எங்கள் அறைக்கு வந்தாள். ரேக்கின் ஃபேன்கள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன. சந்தனத்தைக் குழைத்தபடி சொன்னாள்: "ஊருக்கே லீவு. இவன் மட்டும் என்ன பாவம் செஞ்சான்? எம்புட்டு நாளா கண்ணு மூடாம நிக்கான், பாரு தாயி."

பொரிகடலைப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். நான் செத்த நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் பஸ்ஸுக்குப் போனேன்.

"பூஜை போட்டது நீதான?" சார் இப்போது மாடத்தியக்காவைக் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "தொடைக்கும்போது கை பட்டிருக்கும் சார்."

"பட்டிருக்குமா? மூணு சுவிட்சிலயுமா?"

 நாளையிலிருந்து அவள் கழிவுப் பஞ்சு குடோனுக்குப் போகட்டும் என்றார் சார். அங்கே நல்ல ஆட்களுக்கே மூச்சு முட்டும். அவளுக்கோ மழைக்காலமானால் இளைப்பு.

நான் போனை எடுத்து வேதமணியை வரச் சொன்னேன். 

வேதமணி புது பவர் சப்ளைகளை அட்டைப் பெட்டியில் சுமந்துகொண்டு ஒன்பதரை மணிக்கு வந்தார். நான் டார்ச் பிடித்தேன். நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பழையதை வெளியே எடுத்தார். ஃபேனுக்குள் பஞ்சு அடைத்திருந்தது.

"இதுல ஒரு தலகாணி தைக்கலாம்."

"எடுத்து வைங்க தம்பி," என்றாள் மாடத்தியக்கா. "மருமவனுக்குத் தலை தீபாவளி வருது."

வேதமணி சிரித்தார்.  மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். கெப்பாசிட்டர்கள் தலை உப்பிக் கிடந்தன. புதியதை வைத்ததும் இரண்டு பிளக்குகளை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு பிளக்கோட கறுப்பு ஒயரும் நடுவுல சேரணும். மாத்திச் செருகினா போர்டு போயிரும். செருகுங்க, பாப்போம்."

செருகினேன். 

"எத்தன மணிக்கு அணைஞ்சதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். நான் அடுத்த பெட்டிக்கு டார்ச்சைத் திருப்பினேன்.

பதினொரு மணிக்கு மூன்று பெட்டிகளும் ஓடின. மாடத்தியக்கா திரும்பிப் பெட்டிகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு துடைப்பத்தையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டாள்.

"குடோன் சாவி யார்ட்ட சார் வாங்கணும்?"

"நாளைக்குப் போனாப் போதும்."

"இன்னைக்கே போறேன் சார். கூட்ட வேண்டியது கெடக்கும்."

என் பக்கம் வந்து மெல்லச் சொன்னாள்: "ஏட்டி, நீ வந்து நாலு மாசம்தான் ஆவுது. பேசாம இரி."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலையிலிருந்தே தெரிந்திருக்கிறது.

அவள் வராந்தாவில் பாதி தூரம் போயிருப்பாள்.

"சார்," என்றேன்.

அந்த அறையில் என் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டது அன்றுதான். அவர் திரும்பினார். வேதமணியும் திரும்பினார்.

"அக்கா கை படல சார். எல்லாரும் போன பொறவு, அதுவும் ஒருநா கண்ணு மூடட்டும்னு மூணையும் அணைச்சது நான்தான்."