இரண்டாம் கரண்டி

வடிவேலின் சைவக் கடையில் ஒரே ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்து போனவர் எவருமில்லை. ஹட்டன் பஜார் முழுக்கத் தெரிந்த சங்கதி இது. வேண்டாம் என்று இலைக்குக் குறுக்கே கையை விரித்தாலும் விரலிடுக்கு வழியாகச் சாம்பாரை ஊற்றிவிட்டுத்தான் மனுஷன் அடுத்த இலைக்கு நகருவார். ஒரு தரம் மட்டும் பரிமாறுவது செத்தவர்களுக்குப் படைக்கிற முறை, உயிரோடு இருக்கிறவர்களுக்கு இரண்டாம் தரம் கட்டாயம் வைக்க வேண்டும் என்பது அவர் குடும்பத்து வழக்கம். சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம் வந்து இறங்குகிற மாதங்களில் கடையில் கால் வைக்க இடமிருக்காது. அப்போதும் அந்த இரண்டாம் கரண்டியை அவர் வேறு யார் கையிலும் விட்டதில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு தானே வருவார்.

அந்தக் கரண்டியை அதிகம் வாங்கிக்கொண்டவள் அவர் மனைவி யோகேஸ்வரிதான். கல்யாணமான நாளிலிருந்து முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். உடம்பு ஏறியது, சீனி வியாதி வந்தது, முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணின. வீடு கடைக்கு மேல்மாடியில். இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்று அவள் கீழே வருவதையே விட்டுவிட்டாள். கடைசியில் கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில், இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குகிற ஆபரேஷன் செய்துகொள்வதென்று அவளே முடிவெடுத்தாள். கையெழுத்துப் போடும்போது வடிவேல் தாளைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. இவளும் போய்விட்டால் அந்த மேல்மாடியில் அவருக்கு என்ன வேலை?

நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஷாமிலா என்கிற நர்ஸ் அவரைத் தனியே உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள். முதலில் தண்ணீர் போல இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும், மெதுவாக உறிஞ்சட்டும். பிறகு மசித்தது. அதுவும் ஒரு சின்னக் கரண்டி அளவு, போதும் என்று வயிறு சொன்ன இடத்தில் நிறுத்திவிட வேண்டும். உறைப்பு கூடாது, எண்ணெய் கூடாது, சீனி கூடவே கூடாது. வாந்தி மட்டும் வரக் கூடாது, வந்தால் உள்ளே போட்டிருக்கிற தையல் தாங்காது, மறுபடி தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். வடிவேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடையைச் செல்லசாமியிடம் விட்டார். செல்லசாமி அவரிடம் வெகுகாலமாக வேலை பார்க்கிற சமையல்காரர், முதலாளியை விட வாய் நீளம். அண்டா அண்டாவாகக் கிண்டின வடிவேலின் கை இப்போது மேல்மாடியில் கைக்குழந்தைக்குப் பால் காய்ச்சுகிற மாதிரி ஒரு சின்னச் சட்டியோடு மல்லுக்கட்டியது. மைசூர் பருப்பைக் குழைய வேகவைத்து மேல்தண்ணீரை இறுத்தார். லீக்ஸ் தாளும் கேரட்டும் போட்டு அவித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, உப்பைக் கிள்ளிப் போட்டு, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துக் கொடுத்தார். மோரை நீராக்கிக் கொடுத்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பனிமூட்டம் பஜாரை மூடுவதும் விலகுவதுமாக இருப்பதைப் பார்த்தபடி, சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். குடிக்கிற பொருளுக்கு இரண்டாம் தரம் என்ற பேச்சே கிடையாது. அந்த நாட்களில் ஒரு குறையும் வரவில்லை.

வினை மசித்த சாப்பாட்டில் வந்தது. பூசணியையும் பருப்பையும் மாவாகக் கடைந்து, ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வைத்தார். வெள்ளைத் தட்டின் நடுவில் அது தனியாக உட்கார்ந்திருந்தது. திவசத்தன்று காக்கைக்கு வைப்பதும் இப்படித்தானே என்று அவர் மனதில் பட்டுவிட்டது. கையைக் கட்டிப் போட்டாலும் நிற்காது போலிருந்தது. இன்னொரு கரண்டி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். யோகேஸ்வரி தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், இரண்டையும் சாப்பிட்டாள்.

அன்றைக்கு வாந்தி வந்தது. பூசணி வாய்வு என்று நினைத்து மறுநாள் உருளைக்கிழங்கை மசித்தார். அதற்கும் வந்தது. அவித்த கேரட்டுக்கு வந்தது, குழைந்த சோற்றுக்கு வந்தது. லீக்ஸைத் திட்டினார், சட்டியை மாற்றினார், பருப்பு பழசு என்று செல்லசாமியோடு சண்டைக்குப் போனார். பருப்பு என்ன பாவம் செய்தது என்று செல்லசாமி முணுமுணுத்தார். ஒவ்வொரு நாளும் சாமானை மாற்றிய மனுஷன் அந்த இரண்டாம் கரண்டியை மட்டும் மாற்றவில்லை. அவருக்கு அது கணக்கிலேயே வரவில்லை. ஷாமிலாவுக்கு போன் போட்டபோது, இன்னும் ஒரு தடவை வந்தால் யோசிக்காமல் கூட்டி வாருங்கள், திரும்பத் திறந்து பார்க்க வேண்டிவரலாம் என்று சொல்லிவிட்டாள். வடிவேல் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

அன்று மத்தியானம் தயிரில் கரைத்த சோற்றை இரண்டு கரண்டி வைத்துவிட்டுக் கடைக்கு இறங்கினார். பாதிப் படியில் தோள் துண்டை மறந்தது நினைவு வந்து திரும்பினார். பின்பக்கம் குழாய் ஓடுகிற சத்தம். எட்டிப் பார்த்தால், யோகேஸ்வரி ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். சத்தம் கீழே கேட்கக் கூடாதென்றுதான் குழாயைத் திறந்து விட்டிருந்தாள். வடிவேல் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார். முகத்தைத் துடைத்து, நாற்காலியில் உட்கார வைத்து, இப்பவே வேன் பிடிக்கிறேன், கொழும்புக்குப் போகலாம் என்று எழுந்தார். அவள் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொழும்பெல்லாம் வேணாங்க. மொத கரண்டி நல்லாத்தான் நிக்குது. ரெண்டாவதுதான் வெளிய வருது."

வடிவேல் காலியாகிக் கிடந்த தட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு புரிந்தது. புரிந்ததும் கோபம்தான் வந்தது.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் தின்ன? வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"என்னைய ஆபரேஷனுக்குத் தள்ளிக்கிட்டுப் போறப்ப ஒங்க மொகத்தப் பாத்தேன். செத்த மொகமா இருந்துச்சு. வந்ததுலேர்ந்து அப்பிடியேதான் இருக்கு. அந்த ரெண்டாவது கரண்டிய வைக்கிறப்பத்தான் கொஞ்சம் தெளியுது. அத எப்பிடிங்க வேணாம்னு சொல்றது?"

மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் முழங்காலில் தலையை வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவள் அவர் தலையைத் தடவிக்கொண்டே, கீழே ஆள் வந்திருக்கும், போங்க என்றாள். அவர் போகவில்லை.

சாயங்காலம் மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தார். பருப்பையும் கேரட்டையும் சேர்த்து, திப்பி ஒன்றும் தட்டாத அளவுக்குக் கடைந்தார். கிண்ணத்தில் சரியாக ஒரு கரண்டி மட்டும் அளந்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சட்டியோடு செல்லசாமிக்குக் கொடுத்தனுப்பினார். கிண்ணத்தோடு அவர் வருவதைப் பார்த்ததும் யோகேஸ்வரியின் கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போனது. அவர் கவனித்தார்.

கிண்ணத்தில் இருந்ததில் பாதியைத் தட்டில் வைத்தார். அது கட்டைவிரல் நகத்துக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அவள் அதை நாக்கில் கரைத்துக் கரைத்து விழுங்கினாள். அவர் பொறுமையாக நின்றார். தட்டு காலியானதும் தோள் துண்டை இழுத்துவிட்டு, பந்தியில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து, கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

அவள் பயந்துபோய்க் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். உள்ளே அந்த மிச்சப் பாதிதான் இருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. தையல் இழுக்காமல் இருக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வைங்க."

கிண்ணத்தை வழித்து வைத்தார். அவள் சாப்பிட்டு முடித்த பிறகும் அவர் நகரவில்லை. குழாய்ப் பக்கமும் அவள் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே ஆட்கள் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், செல்லசாமி மேலே பார்த்து இரண்டு தடவை கத்தினார். இருட்டத் தொடங்கியது. குழாயைத் திறக்க வேண்டி வரவில்லை.

கடைசியில் அவர் தட்டை எடுத்துக்கொண்டு படிப் பக்கம் திரும்பியபோது, ஜன்னலோரத்திலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"நாளைக்கும் இப்பிடியே ரெண்டு தடவ வைக்கணும்ங்க. ஒத்தையா வச்சீங்கன்னா நான் சாப்பிட மாட்டேன்."