அண்ணாச்சிக்குத் தெரிந்த இங்கிலீஷ்

தாணுமாலயன் புத்தகத்தின் இரண்டு தாள்களை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துச் சத்தமில்லாமல் புரட்டினார். பாத்திரக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து பில் புத்தகம் புரட்டிப் பழகிய விரல். எதிரே நிற்கிறவனுக்கே தெரியாது. கண் தெரியாமல் கட்டிலில் கிடப்பவனுக்கா தெரியப்போகிறது என்று நினைத்தார்.

“ரெண்டு தாளாப் புரட்டுதிய அண்ணாச்சி,” என்றான் தம்பி பால்வண்ணநாதன்.

“ஒட்டிக்கிட்டு இருந்துதுல. சாரல் ஈரம், எல்லாம் நமுத்துக் கெடக்கு.”

“ஈரமுமில்ல ஒண்ணுமில்ல. அதுல அவன் கஞ்சா அடிச்சிருப்பான். இல்லன்னா எவளையாவது கூட்டிட்டு வந்திருப்பான்.”

“ரெண்டும்தான்,” என்றார் தாணுமாலயன். “மைனி நிக்கா. பேசாமக் கெட.”

நிலைப்படியில் கஞ்சித் தம்ளரோடு நின்ற முத்துவடிவு, தன் காதில் ஒன்றும் விழவில்லை என்பதுபோல முந்தானையால் தம்ளரின் அடியைத் துடைத்தாள்.

சர்க்கரை முதலில் பால்வண்ணத்தின் கால்விரல் ஒன்றைக் கேட்டது. அப்புறம் கண்ணைக் கேட்டது. இப்போது சிறுநீரகத்தையும் கேட்டு வாங்கிவிட்டது. பாளையங்கோட்டை டாக்டர் பேரமே பேசவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பால்வண்ணத்துக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குற்றால சீசனில் மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிப்பான். மற்ற மாதங்களில் அண்ணன் வீட்டில் சாப்பிடுவான். ஊர் அவன் தொழிலை அப்படித்தான் விவரித்தது.

புத்தகம் பம்பாயிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் அவனோடு ஓட்டலில் டிரம் வாசித்த கோவாக்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். டெரி ஹாலம் என்று ஒரு இங்கிலாந்துக்காரன், கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கத்திக் கத்தியே உலகத்தைச் சுற்றியவன், போன வருஷம் செத்துப்போனான். தனக்கென்று அவன் எழுதி வைத்திருந்த டைரிகளை அவன் பெண்டாட்டி அச்சுக்குக் கொடுத்துவிட்டாள். செத்தவன் சரக்கைச் சூடு ஆறுவதற்குள் விற்றுவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று தாணுமாலயன் மெச்சிக்கொண்டார். அவன் பெயர் மட்டும் அவர் வாயில் நிற்கவில்லை. ‘டெரிலின்காரன்’ என்றே சொல்லி வந்தார்.

இந்த டெரிலின்காரன் எழுபத்திரண்டில் பம்பாய்க்கு வந்தான். கொலாபாவில் ஒரு ஓட்டலில் பால்வண்ணத்தோடு விடிய விடிய வாசித்தான். ‘என்னோடு லண்டனுக்கு வா’ என்று கூப்பிட்டான். இதைப் பால்வண்ணம் ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து சொல்லி வந்தான். தென்காசியும் மறுக்காமல் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு, ‘லண்டன்’ என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தது. “என்ன லண்டன், பிளேன் இன்னும் ஆரியங்காவு தாண்டலியா?” என்பார் பஸ் ஸ்டாண்டு வெற்றிலைக்கடைக்காரர் உச்சிமாகாளி. சிரிக்கிற கூட்டத்தில் அண்ணாச்சியும் இருந்ததுண்டு.

இப்போது பால்வண்ணத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் புத்தகத்தில் தான் இருக்கிறோமா என்று தெரிய வேண்டும். தெரியாமல் போக அவனுக்கு இஷ்டமில்லை.

வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் தாணுமாலயன் ஒருவர்தான். அதுவும் மொராதாபாத்திலிருந்து சரக்கோடு வரும் கடிதங்களில் படித்த இங்கிலீஷ். ‘டேமேஜ்’, ‘ஷார்ட்டேஜ்’, ‘கைண்ட்லி ரெமிட்.’ அதற்கு மேலே டிக்‌ஷனரி. மத்தியானம் கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் நாலைந்து பக்கத்தை முட்டி மோதிப் படித்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து தம்பிக்குத் தமிழில் சொல்லுவார். சொல்லும்போது சரக்குக்குக் கொஞ்சம் பாலிஷ் போடுவார். டெரி ஹாலம் விஸ்கி குடித்த இடத்தில் காப்பி குடித்தான். சண்டை போட்ட இடத்தில் வருத்தப்பட்டான்.

“வெள்ளிக்கெழம கறி சாப்பிடலன்னு எழுதியிருக்கான்ல.”

“சஷ்டி விரதமும் இருந்திருப்பானே?”

“இருந்திருக்கான்.”

பால்வண்ணம் சிரிக்கும்போது நெஞ்சு ஏறி இறங்கும். மருந்து செய்யாததை அது செய்தது. அதற்காகவே அண்ணாச்சி தினமும் கொஞ்சம் கூடுதலாகப் பாலிஷ் போட்டார்.

இன்று புத்தகத்தில் பம்பாய் வருகிறது. அதில் தம்பி இருக்கமாட்டான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கடையில் இல்லாத சரக்கை இல்லை என்று சொல்லி வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்புவது அவர் பரம்பரையிலேயே கிடையாது. ஆகவே கடையில் அந்தப் பக்கத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், ஒரு பக்கத்தைத் தாமே தயார் செய்து மனப்பாடமாக வைத்திருந்தார். ‘பம்பாயில் பால்வண்ணம் என்று ஒரு தமிழ்ப் பையன். அருமையான வாசிப்பு. லண்டனுக்குக் கூப்பிட்டேன். ரேட்டு ஒத்துவரவில்லை.’ கடைசி வாக்கியம் அவருக்கே பிடித்திருந்தது. அதுதான் நம்பும்படியாக இருந்தது.

“இன்னுமா அந்த வெள்ளக்காரன் சீரழிஞ்ச கதை?” என்றபடி பேராச்சி அத்தை உள்ளே வந்தாள். அப்பாவின் தங்கை. எந்த வீட்டில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் விபூதிப் பையோடு முதலில் வந்துவிடுபவள். “ஏலே தாணு, போற உசுரு காதுல சிவநாமம் விழணும்லே. கோயில் ஓதுவாரக் கூட்டியாந்து ஒரு பதிகம் பாடச் சொல்லு.”

“அவருக்குச் சுருதி சேராது அத்தை,” என்றான் பால்வண்ணம். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே காத்திருந்து மூச்சு எடுத்தான். “அதக் கேட்டுட்டுப் போனா, சாமி என்னிய வாசல்லயே நிப்பாட்டிரும்.”

“ஒடம்பெல்லாம் ஓஞ்சாலும் ஒனக்கு வாயி மட்டும் ஓயாது.”

“கொழுந்தனுக்கு இதான கேக்கணும்னு இருக்கு,” என்றாள் முத்துவடிவு. “அவுக வாசிக்கட்டும் அத்தை. நீங்க இப்படி உக்காருங்க.”

தாணுமாலயன் பக்கத்தைத் திருப்பினார். மேலே ‘பாம்பே’ என்று இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, தயார் செய்து வைத்ததை ஆரம்பிக்க வாயைத் திறந்தார்.

திறந்த வாய் திறந்தபடி நின்றது.

ஒரு முறை படித்தார். விரலை வைத்து இன்னொரு முறை படித்தார். டிக்‌ஷனரி தேவைப்படவில்லை. டெலிகிராம், பிரதர், மணி, ஷாப் என்று எல்லாமே அவர் கடிதங்களில் பழகிய சொற்களாகத்தான் இருந்தன.

“சத்தத்தக் காணோம்? அதுவும் ஒட்டிக்கிட்டா?”

“இருக்குல,” என்றார்.

“என்ன இருக்கு?”

“நீ இருக்க.”

பால்வண்ணம் முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பினான். புத்தகத்தில் அவன் ‘பால்’ என்று சுருங்கியிருந்தான். தாணுமாலயன் தமிழில் சொன்னார். தயாரிப்பு எதுவும் இல்லாததால் தடுமாறித் தடுமாறித்தான் வந்தது. “‘பால் வரல. காலம்பற டெலிகிராமோட வந்து நின்னான். அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லையாம். பணம் அனுப்புவோம், நான் தாரேன், நீ எங்ககூட வான்னேன். பணம் கடையில உக்காராதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.’”

வெளியே சாரல் ஓட்டின்மேல் அரிசி புடைப்பது போல விழுந்துகொண்டிருந்தது. முத்துவடிவு தம்ளரைத் தரையில் வைத்தாள். அந்த டெலிகிராம் அவள் கொடுத்தது. புருஷனுக்கு மஞ்சள் காமாலை முற்றி, பிழைப்பாரா என்றே தெரியாமல் கிடந்தபோது, செங்கோட்டையிலிருந்த தன் அண்ணனை எழுதச் சொல்லி அனுப்பியது. ஒரு பையும் கிதாருமாக வந்து இறங்கிய பால்வண்ணம், அண்ணன் எழுந்து உட்காரும்வரை மாதக்கணக்கில் கல்லாவில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு அவன் பம்பாய்க்குப் போகவே இல்லை. பம்பாய் துரத்திவிட்டது, தந்தி ஒரு சாக்கு என்று தாணுமாலயன் தாமாகவே கணக்கை முடித்துக்கொண்டார்.

பால்வண்ணத்தின் உதடு கோணிக்கொண்டு போயிற்று. சிரிக்கிறான்.

“நல்லா இருக்கு அண்ணாச்சி. எத்தன நாளா ரெடி பண்ணுனிய?”

“ஏல, நெசம்ல! அச்சுல இருக்கு.”

“சஷ்டி விரதமும் அச்சுலதான இருந்துச்சு.”

“சத்தியமா!”

“நீங்க ஒரு குடத்துக்கு மூணு சத்தியம் பண்ணுவிய.”

காலமெல்லாம் பித்தளையைப் பொன் என்று சொல்லி விற்றவர். இன்று கையில் நிஜமாகவே பொன் இருந்தது. வாங்க ஆள் இல்லை. அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். கண்ணாடியை மூக்கின் மேலே தள்ளி, புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நீட்டிப் பிடித்தார்.

“கேளுல. அப்படியே வாசிக்கேன். பால்... இஸ் நாட்... கம்மிங். கேம்... இன் தி மார்னிங்... வித் எ டெலிகிராம். ஹிஸ் பிரதர்... இஸ் சிக். ஐ செட்... வி வில்... சென்ட் மணி.” கருங்கல் ரோட்டில் கட்டைவண்டி போவது போலப் போயிற்று. “ஹி... லா... கெடு.”

“என்னது?”

“லாகெடு.”

“லாஃப்டு,” என்றான் பால்வண்ணம். பிறகு மெதுவாக, “சிரிச்சேன்,” என்றான்.

“மணி... கேனாட்... சிட்... இன் தி ஷாப்... ஹி செட். ஐ... என்... என்வி... தி பிரதர்.” நிறுத்தினார். “அம்புட்டுத்தான். என்வின்னா என்னல?”

“பொறாமை.”

“யாரு மேல?”

“ஒங்க மேல.”

பால்வண்ணம் கண்ணை மூடிக்கொண்டான். தெரியாத கண்ணை ஏன் மூடினான் என்று தாணுமாலயனுக்குத் தோன்றியது.

“இம்புட்டு இங்கிலீஷ ஒங்களால சொந்தமாச் சொல்ல முடியாது அண்ணாச்சி.”

“முடியாதுல.”

“அப்ப இருக்கு.”

“இருக்குல. இருக்கு.”

கட்டிலின் விளிம்பைத் தாணுமாலயன் பிடித்துக்கொண்டார். “கூப்பிட்டான், கூப்பிட்டான்னு ஊரெல்லாம் சொன்ன. ஏன் போகலன்னு ஒரு நாளாவது சொன்னியால?”

“சொன்னா ஒங்க பேர்ல கணக்காயிரும்லா.”

பேச்சில் ஜெயிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

“இன்னொருக்க வாசிங்க,” என்றான் பால்வண்ணம். “லாகெடுன்னே வாசிங்க. அதத் திருத்தாதிய.”

வாசித்தார். மறுபடியும் கேட்டான், மறுபடியும் வாசித்தார். முத்துவடிவு கரண்டியால் கஞ்சியை உதட்டில் தொட்டு வைத்தாள். ஒரு வாய் இறங்கியது. நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, அவர் களைத்து நிறுத்தியபோது, பேராச்சி அத்தையே அவர் முழங்கையை இடித்தாள். “என்ன எளவு மந்திரமோ எனக்குத் தெரியல. மொகம் தெளிஞ்சு கெடக்கு. நிப்பாட்டாதலே, படி.” விபூதியை எடுத்து அவன் நெற்றியில் பூசிவிட்டு, சிவசிவா என்று அவள் ஒரு காதில் சொல்ல, பால் இஸ் நாட் கம்மிங் என்று இவர் இன்னொரு காதில் வாசித்தார். கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. மணி ஓய்ந்த பிறகும் அவர் வாசித்துக்கொண்டேயிருந்தார். முத்துவடிவு அவர் தோளில் கை வைத்தாள்.

“போதும்ங்க,” என்றாள்.

காலையில் சாரல் விட்டிருந்தது. குற்றாலத்திலிருந்து மெல்லிசைக் குழுவின் காஜா, இரவு கச்சேரி முடித்த கையோடு, பூப்போட்ட மேடைச் சட்டையை மாற்றாமலே பஸ் ஏறி வந்துவிட்டார். உச்சிமாகாளியும் கடையை அடைத்துவிட்டு வந்தார். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நம்ம லண்டன் கெளம்பிட்டாப்லயே அண்ணாச்சி. பாவம், நான்தான் ரொம்பக் கேலி பண்ணிட்டேன்.”

“அவன் கூப்பிட்டது நெசம்தான்,” என்றார் தாணுமாலயன்.

“யாரு?”

“அந்த இங்கிலாந்துக்காரன். பொஸ்தகத்துல போட்டிருக்கான்.”

உச்சிமாகாளி துண்டை இறக்கினார். அண்ணாச்சி சொல்லும் எந்த விலையையும் பாதியாகக் குறைத்துக் கேட்டுப் பழகியவர், அன்று குறைக்கவில்லை. “அப்படியா! பொறவு ஏன் போகல?”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 

“எனக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துச்சு,” என்றார் தாணுமாலயன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நீர்மாலை எடுத்து வந்து, குளிப்பாட்டி, வேட்டி உடுத்திப் பாடையில் கிடத்தியாயிற்று. பெண்கள் வாய்க்கரிசி போட்டு முடித்தார்கள். இளையவர்கள் வரிசையாகச் சுற்றி வந்து கால்மாட்டில் விழுந்து கும்பிட்டு நகர்ந்தார்கள். காஜா குனிந்து தொட்டுவிட்டு நகர்ந்தார். வரிசை நகரும் போக்கில் தாணுமாலயனும் கால்மாட்டுக்கு வந்து நின்றுவிட்டார்.

“ஏலே, நீ மூத்தவன்லா,” என்று பேராச்சி அத்தை சத்தம் போட்டாள். “இளையவன் கால்ல விழப்படாது. பாவம் அவனுக்குச் சேரும். தள்ளி வா.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் தாணுமாலயன். ஓரடி பின்வாங்கினார். சங்கு ஊதுகிறவன் சங்கை உதட்டுக்குக் கொண்டுபோனான். தூக்குகிறவர்கள் தோள்துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு குனிந்தார்கள்.

“நில்லுங்க. கால் கட்டு தளந்திருக்கு,” என்றார்.

பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டிய துணியைக் காஜா எட்டிப் பார்த்தார். “இறுக்கமாத்தான இருக்கு அண்ணாச்சி, நான்தான்...”

“அவுக கட்டட்டும்,” என்றாள் முத்துவடிவு. “செத்தப் பொறுங்க.”

தாணுமாலயன் இரண்டு முழங்காலையும் ஈரத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். முடிச்சை அவிழ்த்தார். பில் புத்தகம் புரட்டுகிற விரலுக்கு ஒரு முடிச்சுப் போட அவ்வளவு நேரம் தேவையில்லை. துணியை நீவினார், சுற்றினார், மறுபடி அவிழ்த்தார். கண்ணாடி மூக்கில் நழுவ நழுவ, சரியாகத் தெரியாதவரைப்போலத் தலையை இன்னும் தாழ்த்தி, விரல்களுக்குப் பக்கத்தில் நெற்றி படும்படி குனிந்து, கட்டிக்கொண்டேயிருந்தார். தூக்க வந்தவர்கள் குனிந்த முதுகு நிமிராமல் காத்திருந்தார்கள்.