மாற்று ஆள் வரும்வரை

வாளித் தண்ணீரில் முழங்கையை முக்கிச் சூடு பார்த்தாள் சின்னவள். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றினாள். மறுபடி முக்கினாள்.

"அவளுக்கு இனிமே என்னடி சுட்டுடப் போகுது?" என்றாள் அக்கா.

அறையில் அவர்கள் இருவரும்தான், பலகையில் அம்மா. ஆண்கள் வெளியே வண்டிக்குக் காத்திருந்தார்கள்.

காலை எட்டு மணிக்கே அக்கா போன் பண்ணியிருந்தாள். "மூச்சு இழுக்குது, ஓடி வா." ஆனால் மாற்று ஆள் வராமல் நோயாளியின் கட்டிலை விட்டு நகரக் கூடாது என்பது சின்னவளை வேலைக்கு அனுப்பும் ஹோம் நர்சிங் ஏஜென்சியின் சட்டம். மாற்றுப் பெண் வந்தபோது மணி பன்னிரண்டு. அம்மா பத்தரைக்கே போய்விட்டாள்.

"குளிப்பாட்டுறதையாவது எனக்கு விடுக்கா" என்று மட்டும் வந்ததும் கேட்டாள் சின்னவள். நாலு வருஷமாக ஒரு பெரிய வீட்டுக் கிழவியைத் தினம் குளிப்பாட்டுகிறவள். பெற்றவளை ஒரு நாள்கூட இல்லை. அதைச் செய்தது அக்கா, சூளை வேலை முடிந்து வந்து, செங்கல் அறுத்த கையோடு.

சின்னவள் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள்.

"அம்மா, இப்போ உங்களை இந்தப் பக்கமா திருப்பப் போறேன். பயப்படாதீங்க. நான் பிடிச்சிருக்கேன்."

துணி பிழிந்துகொண்டிருந்த அக்காவின் கை நின்றது. சொன்ன பிறகுதான் சின்னவளுக்கே உறைத்தது. தொடும் முன்னால் சொல்ல வேண்டும், சிரித்த முகமாய்ச் சொல்ல வேண்டும். ஏஜென்சிப் பயிற்சியில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்திருந்தார்கள். முகமும் அதே சிரிப்பில் இருந்தது.

"நானா இருந்தா ‘திரும்பு கெழவி, என் இடுப்பு ஒடியுது’ம்பேன்" என்றாள் அக்கா. "பதிலுக்கு அவளும் நாலு வசவு வைவா."

சின்னவள் தலையைத் துடைத்தாள். உச்சியில் சல்லிக்கூடை சுமந்து சுமந்து விழுந்த வழுக்கை, கையகலம். அது இவ்வளவு வழவழப்பு என்று அவளுக்குத் தெரியாது.

போன் அடித்தது. மாற்றுப் பெண்.

"சிஸ்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க போனதிலேர்ந்து இந்தம்மா சாப்பிட வாயே திறக்கலை. உங்களைத்தான் கேக்குறாங்க. மகன் கேமராவுல பாத்துட்டுக் கத்துறாரு, ஏஜென்சியையே மாத்திடுவாராம். ஒரே ஒரு வார்த்தை பேசுங்க."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்குற? பேசு. இந்த வேலையும் போச்சுன்னா அடுப்புல பூனைதான் தூங்கும்."

கையெல்லாம் ஈரம். போனைப் பலகை ஓரத்தில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். கிண்ணத்தில் கரண்டி இடிபடும் சத்தம். பிறகு ஒரு கிழ மூச்சு, இழுத்து இழுத்து. அது அறை முழுக்க ஏறியது. எங்கிருந்து வருகிறது என்று அவள் ஒரு கணம் பலகையைத்தான் பார்த்தாள்.

"அம்மா" என்றாள். குரல் தானாகக் குழைந்தது. "நான்தான். எங்கேயும் போகலைம்மா, பக்கத்துலயேதான் இருக்கேன். எங்கே, வாயைத் திறங்க. ஆ..."

முகம் துடைப்பதற்காகத் தாடையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வைத்திருந்தார்கள். அம்மாவின் கீழுதடு மெல்ல இறங்கியிருந்தது.

போனில் விழுங்கும் சத்தம் கேட்டது.

"ஆங், அவ்வளவுதான். இன்னும் ஒரு வாய்."

அக்கா துணியைக் கீழே வைத்தாள். தலைமாட்டுக்கு வந்து குந்தி, காய்ப்பேறிய இரண்டு கைகளாலும் அம்மாவின் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.