வைகையில் மிதக்க வேண்டிய தீவு

வைகையில் மிதக்கும் தீவு ஒன்று வரப்போகிறது என்றதும் மதுரை கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எங்க?" என்பதுதான். எங்கோ வெளிநாட்டில் ஆற்று நடுவே இரும்புத் தீவு மிதக்கிற படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, நகர அழகுச் சங்கத்துப் பெரியவர்கள் நமக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். இன்ஜினீயர் வசுந்தராவும் இருபத்தாறு வயதுத் துணிச்சலில் வரைந்து கொடுத்துவிட்டாள். பேரையூர்க்காரர் வெல்டர் மருது காற்றுப்புகாத இரும்புப் பெட்டிகளை வரிசையாக ஒட்டவைத்து, மேலே பலகை பாவி, வளைந்த கூரையும் ஒரு டீக்கடையும் வைத்து, ஏ.வி. பாலத்துக்குக் கிழக்கே மணலில் உட்கார வைத்தார்.

உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். அந்த வருஷம் முழுக்க வைகை சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. தீவின் நிழலில் எருமைகள் படுத்துக்கொண்டன. அதன் கூரையில் பந்து விழுந்தால் சிக்ஸர் என்று கிரிக்கெட் பையன்கள் சட்டம் போட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டரே, "தரைதட்டின கப்பல் ஸ்டாப் எல்லாம் எறங்கு!" என்று கூவ ஆரம்பித்ததும் சங்கத்துப் பெரியவர்களுக்கு மானம் போனது. சித்திரைத் திருவிழாவுக்கு அணை திறக்கும்போது மிதந்தால் இருக்கட்டும், மிதக்காவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்கள். வசுந்தராவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

தண்ணீர் வந்தது. நுரையும் செருப்பும் பிளாஸ்டிக் குடமுமாக வந்தது, ஆனாலும் வைகைத் தண்ணீர். மத்தியானத்துக்குள் இடுப்பளவு ஏறிவிட்டது. இந்த ஆழத்துக்குத் தீவு எப்போதோ கிளம்பியிருக்க வேண்டும். அசையவில்லை.

"மேடம், பெட்டில ஓட்டை ஒடசல் ஒண்ணுமில்ல. எல்லாம் தட்டிப் பாத்துட்டேன்," என்றார் மருது. பிறகு தலையைச் சொறிந்துகொண்டே மேலே காட்டினார். "இம்புட்டுச் சனத்தத் தூக்கிட்டு எப்படி மேடம் கெளம்பும்?"

மிதக்கிற நேரத்தில் மேலேயே இருக்க வேண்டும் என்று மதுரையில் பாதி அங்கே ஏறி நின்றது. கரையிலிருந்து போட்டிருந்த பலகைப் பாலத்தில் இன்னும் ஆள் வந்துகொண்டே இருந்தது. நட்டநடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் வசுந்தராவின் அப்பா துளசிராம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கடையை மூடிவிட்டு, சொந்தபந்தத்தை எல்லாம் திரட்டி, புளியோதரைத் தூக்கோடு வந்திருந்தார். ஒரு வருஷமாக வந்தவன் போனவனிடம் எல்லாம், "எம் மக கட்டுனது மெதக்கும் பாருங்க," என்று சொல்லித் திரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

பழைய இரும்பு வியாபாரி சிவனாண்டியும் வந்திருந்தார். ஒரு மூலையில் குனிந்து, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், கைப்பிடிக் குழாய்களை டேப்பால் அளந்துகொண்டிருந்தார்.

வசுந்தரா டீக்கடை மைக்கைப் பிடித்தாள். "தயவுசெஞ்சு பாதிப் பேர் எறங்குங்க. பாரம் தாங்காது."

ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். "ஒங்களத்தாண்ணே சொல்லுது அந்தப் பொண்ணு," என்றது ஒரு குரல். ஒருவரும் இறங்கவில்லை.

அவள் அப்பாவிடம் போனாள். "அப்பா, நீங்க எறங்குனா நம்மாளுகளாச்சும் எறங்குவாங்க."

துளசிராமின் முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழியில் மெதுவாகக் கேட்டார். "ஊரே சிரிச்சப்ப நான் நம்புனேன். இப்ப நீயே நம்பலையா வசு?"

இத்தனை பாரம் இல்லாவிட்டால் மிதக்கும், கணக்கு சரி என்று அவளுக்குத் தெரியும். அதை இந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது? அந்த நாற்காலியையும், அதில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தாள். வருஷத்தில் இதே மனுஷர் கடையை மூடுகிற இன்னொரு நாள் தை மாதத்துத் தெப்பத் திருவிழா. தெப்பக்குளத்துக் கரையில் நின்று தெப்பத்தின் வடத்தை இழுக்காமல் அன்றைக்கு வீடு திரும்பியதில்லை.

வசுந்தரா துள்ளிப் போய், "மருதண்ணே, தேர்க்கயிறு மாதிரி ஒண்ணு வச்சிருந்தீங்களே, அதக் கட்டிக் கரைக்கு வீசுங்க!" என்றாள். பிறகு மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கூவினாள். "தீவ இழுக்கணும்! வடம் பிடிக்க வாங்க!"

அவ்வளவுதான். துளசிராம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "தள்ளுங்கப்பா, மொதப் பிடி என்னோடது!" என்று பலகையில் ஓடினார். பின்னாலேயே சொந்தபந்தம், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள், கிரிக்கெட் பையன்கள் எல்லாரும் முண்டியடித்தார்கள். பலகையில் இடமில்லாதவர்கள் தண்ணீரிலேயே குதித்தார்கள். யாரோ கோவிந்தா போட, கரை முழுக்க அது எதிரொலித்தது.

காலடியில் ஏதோ நெளிந்தது போலிருந்தது வசுந்தராவுக்கு. டீக்கடைக் கண்ணாடி டம்ளர்கள் கலகலத்தன. ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கமும் எழும்பி, மணலை விட்டு மொத்தத் தீவும் பொத்தென்று விடுபட்டது.

"எம்மா! மெதக்குதும்மா!" என்று மூலையிலிருந்து ஓர் அலறல். அளக்கிற மும்முரத்தில் இறங்க மறந்துபோன சிவனாண்டி, குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய டேப் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது.

கரையிலிருந்தவர்கள் இழுக்க, ஆற்றோடு போகாதபடி மருது பிணைத்திருந்த சங்கிலி விட்ட தூரத்துக்குத் தீவு ஆடி அசைந்து வந்தது. கயிற்றின் முனையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற துளசிராம் உள்ளங்கையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கையில இழுக்குது வசு! நல்லாத் தெரியுது!"

"இப்ப ஏறுங்கப்பா. நீங்கதான் மொதல்ல."

கூட்டம் அதற்குள் பலகைப் பக்கம் திரும்பிவிட்டது. துளசிராம் ஒரு கையால் கயிற்றை இறுக்கிக்கொண்டு, மறுகையை நீட்டி வழிமறித்தார்.

"ஒருத்தரும் தள்ளக்கூடாது! எம் மக எத்தன பேர்னு சொல்றாளோ அத்தன பேர்தான்!" என்று அதட்டினார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். "நான் கடைசியா வாரேன். கயித்த யாரு பிடிக்கிறது?"