ஆர்தரின் கல்

இருக்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது உலக வழக்கம். அடுத்த வீட்டுக்காரன் புதுக் கார் வாங்கினால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். கந்தையாவின் பொறாமை அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அவருக்குச் செத்தவன் ஒருவனைக் கண்ணில் காட்டக் கூடாது. அதுவும் இவர் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன, முகம் தெரியாத வெள்ளைக்காரப் பொடியன்.

டென்மார்க்கில், ஒடென்சே நகருக்குத் தெற்கே, பஸ் எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு கிராமம். நடுவே குளம், குளத்துக்கு அப்பால் அகழி சூழ்ந்த பழைய பிரபு மாளிகை, மேட்டில் வெள்ளையடித்த தேவாலயம். தேவாலயத்துச் சவக்காலையை, கல்லறைத் தோட்டத்தை, பராமரிப்பதுதான் கந்தையாவின் வேலை. சைவக்காரன் சவக்காலையில் சம்பளம் எடுக்கிறான் என்று ஹொல்ஸ்டெப்ரோ நகரில் இருக்கும் சொந்தங்கள் பகிடி பண்ணும். "செத்தவை கரைச்சல் தாறதில்லை, இருக்கிறவைதான்" என்று இவரும் விடாமல் திருப்பிக் கொடுப்பார்.

தேவாலயக் கதவுக்கு வலப்பக்கம் ஆர்தரின் கல் நின்றது. ஜெர்மன்காரனோடு நடந்த சண்டை முடியப்போகிற கடைசி வசந்தத்தில் விமானத்தோடு விழுந்த ஆங்கிலேயப் பொடியன். ஊர்ச்சனங்கள் சேர்ந்து வைத்த கல் அது. ஆண்டுதோறும் மே நாலாம் திகதி இரவு சண்டை முடிந்த நினைவாக வீட்டுக்கு வீடு ஜன்னலில் மெழுகுதிரி எரியும். மறுநாள் கல்லடியில் மலர்வளையம் வைத்துப் பாட்டுப் பாடுவார்கள். மற்றக் குழிகளுக்கெல்லாம் சரளைக்கல்லும் சின்ன வேலியும் உண்டு. ஆர்தருக்கு முன்னால் மட்டும் வெறும் புல். அந்தப் புல்லில், ஓராள் நீளத்துக்கு, கந்தையா புல்வெட்டும் மெஷினை விடவே மாட்டார். கீழே பொடியன் படுத்திருக்கிறான், அவனுடைய நெஞ்சில் மெஷினை உருட்டுவதா? முழங்காலில் நின்று கத்தரியால் வெட்டுவார். காலும் வைக்கமாட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பதில்தான் எல்லாம் கெட்டது. வன்னியில் இருந்த தம்பி கோணேசன், கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன், மாசி மாதம் கடைசியாகத் தொலைபேசியில் பேசினான். "அண்ணை, ஷெல்லடி கிட்ட வந்திட்டுது. பிறகு எடுக்கிறன்" என்றான். பிறகு எடுக்கவில்லை. அந்த மே மாதமும் ஊர் மெழுகுதிரி ஏற்றியது, பாட்டுப் பாடியது. மறுநாள் காலை கந்தையா ஆர்தரின் மலர்வளையத்தைத் தூக்கிக் குப்பை மேட்டில் எறிந்தார். ஒரு பூகூட வாடியிருக்கவில்லை.

இரண்டு கிழமையில் வன்னியிலும் போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. சவக்காலைக்குப் பொறுப்பான பெரியவர் ஓடி வந்து கந்தையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல செய்தி, கந்தையா! இனிச் சமாதானம்தானே!" பாவம், அவருக்குத் தெரிந்த போர் எல்லாம் மெழுகுதிரியோடுதான் முடியும். கந்தையா "ஓம், ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கோணேசன் போய்விட்டான் என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

டென்மார்க்கில் குழிக்கும் தவணை உண்டு. சொந்தக்காரர் புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பிடுங்கிப் பின்மதிலில் சாத்திவிடுவார்கள். பிறகு உடைத்துச் சரளையாக்குவார்கள். அந்த வரிசையில் ஒரு சின்னக் கருங்கல்லைக் கந்தையா கேட்டு வாங்கி, தன் கருவிக் கொட்டில் வாசலில் வைத்துக்கொண்டார். பழைய பெயரைத் தேய்த்துவிட்டு, கோணேசனின் பெயரை வெட்டி, வீட்டுத் தோட்டத்தில் நடுவது அவருடைய திட்டம்.

அன்றிரவு சோற்றுக்கோப்பையோடு சண்டை தொடங்கியது.

"ஆள் செத்ததெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?" என்றாள் மனைவி விமலாதேவி.

"இருந்தா எடுத்திருக்க மாட்டானோ?"

"அதுக்கு? சைவச் சனத்துக்குக் கல்லு என்னத்துக்கு?"

"ஆரோ ஒருத்தன்ர பிள்ளைக்கு வருசா வருசம் பூ வைக்கிறாங்கள். என்ர தம்பிக்கு ஒரு கல்லுக்கும் வழியில்லையோ? சுவாமியறையில அவன்ர படத்தை வைச்சு மாலையைப் போடு."

அவள் போடவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் பாதிரியார் ஒரு கிழவியைக் கூட்டிவந்தார். ஆர்தரின் தங்கை எடித், இங்கிலாந்திலிருந்து வந்திருக்கிறார் என்றார். இருவரையும் விட்டுவிட்டுக் கோப்பி போட உள்ளே போனார். கந்தையாவுக்குச் சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் கொஞ்சம் துருப்பிடித்துக் கிடந்தது, ஆனாலும் போதும்.

கிழவி கைப்பையிலிருந்து படங்களை எடுத்து நீட்டினாள். அவளுடைய கிராமம். புல்வெளி, வாத்துக் குளம், மரங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பிரபு மாளிகை. அப்பா அங்கே தோட்டக்காரராம். புல்வெளி நடுவே போரில் இறந்தவர்களின் பெயர் வெட்டிய கற்சிலுவை, அதில் ஆர்தரின் பெயர். தேவாலயச் சுவரில் பித்தளைத் தகடு, அதிலும் ஆர்தர். மாளிகைப் பூங்காவில் பிரபுவின் மனைவி நட்ட மரம், அதுவும் ஆர்தருக்குத்தான். இங்கே ஒரு கல், அங்கே ஒரு சிலுவை, ஒரு தகடு, ஒரு மரம். கந்தையாவுக்கு வயிற்றில் கொள்ளிக்கட்டையைச் செருகியது போல் இருந்தது. அந்தக் கிழவியையே பிடிக்கவில்லை.

கிழவி கல்லைத் தொட்டுப் பார்க்கப் போனாள். போனவள் நேரே புல்லில் ஏறி நின்றாள்.

"மிதிக்காதேங்கோ!" கந்தையா தமிழில் கத்தியேவிட்டார். பிறகு ஆங்கிலத்தில், "உங்கள் அண்ணன் மேலே நிற்கிறீர்கள்" என்றார்.

கிழவி குனிந்து தன் காலைப் பார்த்தாள். "இதற்குக் கீழே யாருமில்லையே" என்றாள். "விமானம் கடலில் விழுந்தது. ஆர்தர் கிடைக்கவே இல்லை."

எத்தனை வருஷம் முழங்கால் தேயக் கத்தரித்த புல்!

எடித் சிலுவைப் படத்தைத் திரும்ப எடுத்துக் காட்டினாள். மற்றப் பெயர்களெல்லாம் அகரவரிசையில் இருந்தன. ஆர்தரின் பெயர் மட்டும் அடியில், தனியாக, புது எழுத்தில் இருந்தது. "காணவில்லை என்றுதான் தந்தி வந்தது. சிலுவையில் பெயர் வெட்ட அம்மா விடவில்லை. வெட்டினால் அவன் வரமாட்டான் என்பாள். அவள் போனபிறகுதான் வெட்டினோம்."

கந்தையா கோணேசனைப் பற்றிச் சொன்னார். கொட்டில் வாசலில் கிடந்த கருங்கல்லையும் கையால் காட்டினார்.

"அவர் இறந்துவிட்டார் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள் எடித்.

வீட்டில் கேட்ட அதே கேள்வி.

"உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்றாள் கிழவி. "எங்கள் வீட்டுக் கதவை இனி யாரும் தட்டப்போவதில்லை. உங்கள் வீட்டில் தொலைபேசி இன்னும் அடிக்கலாம்."

கந்தையா கருங்கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பிடுங்கிய கற்களின் வரிசையிலேயே திரும்பச் சாத்தினார். வேலை முடிய இன்னும் நேரமிருந்தும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

விமலாதேவி மகிழ்ச்சியில்லாத முகத்தோடு சுவாமியறை வாசலில் நின்றாள். உள்ளே கோணேசனின் படத்துக்கு மாலை போட்டு விளக்கும் ஏற்றியிருந்தாள். சண்டை பிடித்துக் களைத்துப்போய், புருஷன் சொன்னதைச் செய்துவிட்டாள்.

"கழட்டு" என்றார் கந்தையா.

"நீங்கள்தானே போடச் சொன்னது?"

"நான் விசரன். கழட்டு." அவரே எட்டி மாலையைக் கழற்றினார்.

மாலை கையிலிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. இருவரும் ஓடினார்கள். கந்தையா முந்திக்கொண்டார்.

"அண்ணை!" ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து சொந்தக்காரி அருள்நாயகி அழுதுகொண்டே சிரித்தாள். "அகதி முகாமில இருந்து என்ர தங்கச்சி போன் எடுத்தவள்! உயிரோட இருக்கிறாள், அண்ணை! நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு இருக்கிறன்."

"நல்லது பிள்ளை, சந்தோசம்." கந்தையா உண்மையாகத்தான் சொன்னார். அதே நேரம் வயிறும் பற்றி எரிந்தது. ஆர்தரின் கல்லைப் பார்த்து எரிந்தது இதற்குப் பக்கத்திலும் வராது. அருள்நாயகி விடுகிறதாக இல்லை. தங்கச்சி என்ன சொன்னாள், எப்படி அழுதாள், யாருடைய போனில் கதைத்தாள் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"பிள்ளை, பிறகு கதைப்பம். இப்ப வை" என்றார் கந்தையா.

"ஏனண்ணை?"

"லைன் வேணும்."

வைத்துவிட்டு, கதிரையை இழுத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.