முகம் பாராதவன் மூச்சு

கடலில் செத்துப்போன கோல்மன் மல்கெரின் இருபத்தேழு வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கால்வே நகரத்திலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கினான். நல்ல கோட்டு போட்டிருந்தான். படகு மட்டும் கரை சேர்ந்தபோது அவன் மனைவி நேப்பி பிள்ளைத்தாய்ச்சி. பிறந்தவன் ஃபெஸ்டி. தகப்பன் முகத்தைப் பார்க்காத பிள்ளையின் மூச்சில் மருந்து உண்டு என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாக்கில் வெள்ளை படிந்து பால் குடிக்க முடியாத குழந்தையின் வாயில் அவன் வெறும் வயிற்றோடு மூன்று நாள் காலையில் ஊதினால் வெள்ளை உரிந்துவிடும். அதற்கு எதுவும் கொடுக்கக் கூடாது, நன்றியும் சொல்லக் கூடாது. டாக்டர் இருந்தாரே என்பார்கள். மழைக்காலத்தில் எங்கள் சதுப்பைத் தாண்டி வந்த டாக்டரை நான் பார்த்ததில்லை.

அன்று சேரா கன்னீலியின் குழந்தைக்கு ஃபெஸ்டி இரண்டு நாள் ஊதியாகிவிட்டது, ஒரு நாள் பாக்கி. குழந்தை அழுவதைக்கூட நிறுத்தியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய முகம் ஃபெஸ்டியின் முகமாகவே இருந்ததால் சேராவுக்கு ஆள் யாரென்று விளங்கிவிட்டது. வழியை மறித்தாள்.

"ஒரு கப்பல் தூக்கிட்டுப் போச்சும்மா. பாஸ்டன்ல இருந்தேன். என் மகனப் பாக்கணும்," என்றான் கோல்மன்.

"பாஸ்டன்ல தபால் பெட்டி கெடையாதாக்கும். அவரு உங்களப் பாத்துட்டா ஊதுறது வெறும் காத்து, பெரியவரே. எம்புள்ள போயிடும். இத்தனை வருஷம் செத்துக் கெடந்தீங்க, இன்னும் ஒருநாள் கெடக்க மாட்டீங்களா?"

அடுப்பெரிக்கச் சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி அடுக்கிய கொட்டகையில் அவன் படுத்தான். மறுநாள் குழந்தை பால் குடித்தது. அதற்குள் கரைக்கு எதிரே இருந்த தீவில் ஒரு குழந்தைக்கு வெள்ளை படிந்திருந்தது, அது தேறுமுன் இன்னொன்று. குழந்தை பிறக்காத ஊர் எது? ஊர் கோல்மனைப் பார்க்காமல் முகம் திருப்பப் பழகியது. ஃபெஸ்டி வரும்போது மட்டும் என்று ஆரம்பித்தது, பிறகு எப்போதும் அப்படித்தான். மூன்றாம் வருஷம், திரும்பிப் பார்த்தாலும் அவன் தெரியவில்லை. இருமல் கேட்கும், பைப் புகை நிற்கும். மதுக்கடை பார்ட்லி, "செத்தவருக்கு நுரை தூக்கலா வேணுமாம்," என்று ஊற்றி வைப்பான்.

கண்ணுக்குத் தெரியாதவன் எங்கிருந்தால் என்ன என்று கோல்மன் வீட்டுக்கே போய்விட்டான். பேசக் கூடாது என்று மட்டும் நேப்பி சொன்னாள். மூன்றாவது தட்டு வைத்தாள். மகனுக்கு எதிரே உட்கார்ந்து, அவனைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு தின்றான். தட்டு காலியாவதைப் பற்றி ஃபெஸ்டி ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரு பிப்ரவரியில் தட்டு அப்படியே இருந்தது. தச்சன் படுக்கையைத் தடவித் தடவி அளவெடுத்தான். சவப்பெட்டியைத் தூக்குமுன் ஃபெஸ்டி மூடியைத் திறக்கச் சொன்னான். உள்ளே விரிப்பு அமுங்கியிருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. கையை விட்டுத் தடவினான். நெற்றி, மூக்கு, தாடை. பிறகு தன் மூக்கைத் தடவினான்.

"எனக்குத் தெரியும்மா," என்றான் தாயிடம். "எதுத்தாப்புல மூச்சு கேட்டுக்கிட்டேதான இருந்துச்சு." பிறகு தச்சனிடம், "மூடுங்க."

நல்ல கனம் என்றார்கள் சுமந்தவர்கள். மறுநாள் காலை ஃபெஸ்டி எதுவும் சாப்பிடாமல் எதிரே இருந்த தீவுக்குப் போய் ஒரு குழந்தையின் வாயில் ஊதினான். மூன்றாம் நாள் காலை அது பால் குடித்தது. வழக்கப்படி யாரும் நன்றி சொல்லவில்லை.